தீம் கொலுவில் கோளாறு வந்தால்: படியைக் கலைக்காமல் சரிசெய்யும் வழிகள்

கலசம் வைத்துப் பொம்மைகளைப் படியேற்றிவிட்டால், விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைக்கும் வரை படியைக் கலைப்பதில்லை என்பது பெரும்பாலான வீடுகளின் வழக்கம். படிக்கு முன்னால் தரையில் பார்க் (பூங்கா, தெரு போன்ற சிறு காட்சி) கட்டுபவர்களுக்கும், கிராமம், தெப்பக்குளம், கைலாயம் என்று ஒரு கருவை எடுத்து முழுக்காட்சியாக அமைப்பவர்களுக்கும் இந்த வழக்கம் ஒரு கடுமையான நிபந்தனை. மூன்றாம் நாள் அருவி நின்றுவிடலாம், ஐந்தாம் நாள் கோபுரம் சாயலாம். எதுவானாலும் படியிலுள்ள பொம்மைகளைக் கலைக்காமல் சரிசெய்தாக வேண்டும். கெடக்கூடிய பொருள் எதுவாக இருந்தாலும் அது முன்பக்கத்திலிருந்து ஒரு கை நீட்டினால் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். மோட்டார், அடாப்டர், தண்ணீர்த் தொட்டி, பார்க்குக்குப் புல் வளர்க்கும் தட்டு ஆகிய நான்குக்கும் இது கட்டாயம்.

கீழே உள்ளவை கண்ணில் படும் அறிகுறியின்படி பிரித்தவை. உங்கள் கொலுவில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

தெர்மோகோல் சுவர் குழிகுழியாக உருகியிருக்கிறது

பெயின்ட் அடித்த இடத்தில் குழி விழுந்திருந்தால் காரணம் பெயின்டில் உள்ள கரைப்பான். ஸ்ப்ரே பெயின்ட், எனாமல் பெயின்டுக்கான தின்னர், நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் போன்றவை தெர்மோகோலைக் கரைத்துவிடும். செருப்புக்கும் தோல் பொருட்களுக்கும் பயன்படும் மஞ்சள் நிற ரப்பர் பசையும் அப்படித்தான். ஒட்டிய இடத்தில் மட்டும் குழி விழுந்திருந்தால், அந்தப் பசையாகவோ குளூ கன்னின் சூடாகவோ இருக்கும். தெர்மோகோல் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். குளூ கன்னிலிருந்து வரும் பசையின் சூடு அதைவிட அதிகம்.

குழி விழுந்த சுவரைக் கழற்ற வேண்டாம். ஃபெவிகாலில் சாக்பீஸ் தூளைக் கெட்டியாகக் குழைத்துக் குழிகளில் அப்புங்கள். காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, அக்ரிலிக் வண்ணம் பூசினால் போதும். கற்சுவராகக் காட்ட வேண்டிய இடமென்றால் குழிகளை அப்படியே விட்டுச் சாம்பல் நிறம் பூசுங்கள். பழைய கோயில் மதிலுக்கு அதைவிட நல்ல மேற்பரப்பு கிடைக்காது. ஸ்ப்ரே பெயின்ட் அடித்தே தீர வேண்டுமென்றால், முதலில் டிஸ்டம்பரோ எமல்ஷனோ இடைவெளியில்லாமல் இரண்டு பூச்சு பூசி, நன்றாகக் காய விட்டு, அதன்மேல் தொலைவிலிருந்து மெல்லியதாக அடியுங்கள்.

நன்றாக ஒட்டியது மறுநாள் பிரிந்துவிட்டது

இரண்டு தெர்மோகோல் பலகைகளுக்கு நடுவே தடவிய ஃபெவிகால் காய வழியில்லை. அதிலுள்ள ஈரம் வெளியேற வேண்டும், ஆனால் இரண்டு பக்கமும் ஈரம் புகாத பரப்பு. ஓரத்தில் மட்டும் காய்ந்து நடுவில் பாலாகவே இருக்கும். பசையை முழுப்பரப்பிலும் தடவாமல் கோடுகளாகத் தடவி, கோடுகளுக்கிடையே காற்றுக்கு வழிவிடுங்கள். ஒட்டிய பலகையில் ஈர்க்குச்சியோ பல்குத்தும் குச்சியோ சாய்வாக நான்கைந்து செருகினால், பசை பிடிக்கும்வரை குச்சிகளே தாங்கிக்கொள்ளும். கொலு வைத்த பிறகு பிரிந்தாலும் இதே குச்சி வைத்தியம்தான்: முன்பக்கத்திலிருந்து குத்தி, தலையைக் கிள்ளி, வண்ணம் தொட்டு மறைத்துவிடலாம்.

காகிதக்கூழ் மலையில் பூஞ்சை, விரிசல், அல்லது வளைவு

மூன்றும் ஈரத்தால் வருபவை என்றாலும் மருந்து வேறு வேறு.

சாம்பலோ கறுப்போ நிறத்தில் புள்ளிகள் தோன்றி, அருகில் போனால் புளித்த வாடை வந்தால் அது பூஞ்சை. புரட்டாசியில் மாலை மழை பெய்கிறது, காற்றில் ஈரம் நிற்கிறது. மைதாப் பசை கலந்த கூழைக் கனமாக அப்பினால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் சிறைப்பட்டுவிடும். வண்ணமும் பூசிவிட்டால் அந்த ஈரத்துக்கு வழியே இல்லை. கொலு நடக்கும்போது பூஞ்சை தெரிந்தால், அந்த இடத்தைச் சுரண்டி எடுத்து, துணியில் வினிகர் தொட்டுத் துடைத்து, மேசை விசிறியை இரவு முழுவதும் அந்தப் பக்கம் திருப்பி வையுங்கள். முழுதும் காய்ந்த பிறகே மேல்வண்ணம்.

அடுத்த முறைக்கு: கூழை அரை அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் அப்பக் கூடாது. மலையின் உருவத்தைக் கம்பிவலை, பழைய அட்டைப்பெட்டி, கசக்கிய செய்தித்தாள் ஆகியவற்றால் எழுப்பிவிட்டு, கூழை மேல்தோலாக மட்டும் பயன்படுத்துங்கள். காகிதக் கூழில் ஊறவைத்த வெந்தயத்தை அரைத்துச் சேர்ப்பது நம் வீடுகளில் கூடை செய்த பாட்டிமார்களின் முறை. வழவழப்பால் பிடிப்பு கூடும், பூச்சியும் எளிதில் அண்டாது. புத்தகம் கட்டுபவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு. சிறு குழந்தைகள் வந்து தொட்டுப் பார்க்கும் கொலுவுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மைதாவுக்குப் பதில் ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்துப் பயன்படுத்தினால் எறும்பு, கரப்பான், எலி என்ற மூன்று விருந்தாளிகளையும் தவிர்க்கலாம்.

விரிசல் விட்டிருந்தால் கூழில் தண்ணீர் அதிகம், அல்லது வெயிலில் வைத்து வேகமாகக் காயவைத்திருக்கிறீர்கள். சாக்பீஸ் தூளும் ஃபெவிகாலும் கலந்த கலவையை விரிசலில் அழுத்திவிடுங்கள். மலையென்றால் பாதி விரிசலை விட்டுவிடலாம், கோபுரமென்றால் விட முடியாது.

அட்டைச் சுவர் வில்லாக வளைந்திருந்தால், ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டியிருப்பீர்கள். நனைந்து விரிந்த தாள் காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. மறுபக்கத்திலும் அதே பசையால் அதே வகைத் தாளை ஒட்டினால் இழுப்பு சமமாகி நிமிரும். படி அமைத்த பிறகு பின்பக்கம் கை போகாதென்றால், சுவரின் மேல்விளிம்பில் ஒரு மூங்கில் பட்டையைக் கிளிப்பால் பிடித்துவிட்டுக் கூரை ஓலையால் மறையுங்கள்.

மோட்டார் உறுமுகிறது, அருவியில் தண்ணீர் வரவில்லை

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. தண்ணீரில் கை விடும் ஒவ்வொரு முறையும் பிளக் வெளியே இருக்க வேண்டும். இந்தச் சிறிய மோட்டார்கள் பெரும்பாலும் 230 வோல்ட்டில் ஓடுபவை. வீட்டு மின் இணைப்பில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் இல்லையென்றால் வீட்டில் அருவி அமைப்பதையே தள்ளிப்போடுங்கள். வயர் தண்ணீரிலிருந்து நேராகப் பிளக்குக்கு ஏறக் கூடாது. ஒரு வளைவாகக் கீழே தொங்கி, பிறகு ஏற வேண்டும். அப்போதுதான் வயர் வழியே வழியும் துளி வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்கைத் தொடாது.

மோட்டார் உறுமினால் மின்சாரம் வருகிறது என்று பொருள். பெரும்பாலும் உள்ளே காற்று அடைத்திருக்கும். மோட்டாரைத் தண்ணீருக்குள்ளேயே நாலாபக்கமும் சாய்த்து ஆட்டினால் குமிழி வெளியேறும், பிறகு ஓடவிட்டுப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் முன்மூடியைக் கழற்றி, உள்ளே சுற்றும் சிறு விசிறியை வெளியே இழுங்கள். பார்க்கில் தூவிய வண்ண மணல், மரத்தூள், பூவிதழ், தலைமுடி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அதில் சிக்கியிருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி மாட்டுங்கள். உறிஞ்சும் வாயில் ஒரு துண்டுக் கொசுவலையைச் சுற்றிக் கட்டினால் ஒன்பது நாளும் கவலையில்லை.

தண்ணீர் வருகிறது, ஆனால் சொட்டுச் சொட்டாகத்தான் என்றால் உயரத்தைப் பாருங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச உயரம் தண்ணீர் எட்டும் எல்லை. அந்த உயரத்தில் ஓட்டம் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். மூன்றடி அருவிக்கு ஆறடி எழுப்பும் மோட்டார் வாங்குவது சரியான கணக்கு. ஏர்கூலருக்கு விற்கும் 18 வாட் மோட்டார் பெரும்பாலான வீட்டு அருவிகளுக்குப் போதும். குழாய் எங்கேனும் மடிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அருவி விழாமல் பாறையோடு ஒட்டி வழிகிறது

தண்ணீருக்குப் பரப்பைப் பற்றிக்கொள்ளும் குணம் உண்டு. தண்ணீர் பாறையை விட்டு விழும் உதட்டு ஓரம் உருண்டையாக இருந்தால் அது கீழே விழாமல் உள்பக்கமாகத் திரும்பிப் பாறையின் அடியில் ஓடும். குளத்துக்குப் பதில் படிக்குக் கீழே ஈரம் சேர்வதற்கு இதுதான் முதல் காரணம். உதட்டில் ஒரு மெல்லிய கூர்விளிம்புத் தகடு வேண்டும். பழைய பிளாஸ்டிக் அட்டையை வெட்டி, பாறையைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வெளியே நீட்டி, முன்பக்கம் சற்றே சரிவாக ஒட்டுங்கள். தகட்டின் அகலத்துக்குத் தண்ணீர் திரையாக இறங்கும். அகலம் கூடினால் திரை கிழிந்து நூல்களாகும். அப்படியானால் தகட்டைக் குறுக்குங்கள், மோட்டாரை மாற்ற வேண்டாம்.

தொட்டியில் ஓட்டையில்லை, ஆனாலும் காலையில் தரை ஈரம்

துணியைத் தேடுங்கள். படிக்கு விரித்த வேட்டியின் ஓரம், அலங்காரப் பஞ்சு, பச்சைச் சாக்கு, கயிறு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தொட்டியின் விளிம்பைத் தாண்டி உள்ளே தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். விளக்குத்திரி எண்ணெயை ஏற்றுவதைப் போலவே அது இரவெல்லாம் தண்ணீரை ஏற்றி வெளியே விட்டுக்கொண்டிருக்கும். விளிம்பிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு எந்த நூல்பொருளும் இருக்கக் கூடாது. அந்த இடைவெளியைக் கூழாங்கல்லால் மறையுங்கள்.

தண்ணீரே வேண்டாம் என்று முடிவெடுப்பதும் நல்ல தீர்வு. கண்ணாடி பதித்து, ஓரத்தில் மணல் ஒதுக்கிய குளம் தலைமுறைகளாக நம் கொலுக்களில் இருக்கிறது. நடுவில் நீராழி மண்டபத்தை வைத்தால் அதன் பிம்பம் கண்ணாடியில் விழும். ஓடும் தண்ணீரில் அந்த அழகு கிடையாது.

கேழ்வரகுப் புல் மஞ்சளாக நீண்டு சாய்கிறது

வெளிச்சப் பற்றாக்குறை. கொலு அறை பெரும்பாலும் கூடத்தின் உள்மூலை. அலங்கார விளக்கு புல்லுக்குப் போதாது. கடுகு இன்னும் மோசம், வேகமாக எழுந்து ஒரு வாரத்துக்குள் விழுந்துவிடும். வேர்ப்பக்கம் வெள்ளைப் பஞ்சாகப் படர்ந்து கொத்துக்கொத்தாக அழுகினால் தண்ணீர் அதிகம். ஊற்றுவதை நிறுத்திவிட்டுத் தெளிப்பானால் காலையில் ஒருமுறை மட்டும் தெளியுங்கள். தண்டின் அடியில் பொடிபோன்ற வெள்ளை வேர்த்தூவிகள் மட்டும் தெரிந்தால் அது பூஞ்சையன்று, பயிர் நலம்.

விதையைத் தரையில் பரப்பிய மண்ணில் நேராகத் தூவுவதை விட்டுவிடுங்கள். ஆழமில்லாத தட்டுகளில் வளர்த்து, பார்க்கில் பதித்து, ஓரத்தை மணலால் மூட வேண்டும். கேழ்வரகை ஓரிரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளை எட்டிப்பார்த்ததும் தூவினால் சீராக வரும். மகாளய அமாவாசைக்கு நான்கைந்து நாள் முன்பு ஒரு தொகுதித் தட்டுகள், அதற்கு நான்கைந்து நாள் பின்பு இன்னொரு தொகுதி. இரண்டாவதை மாடியிலோ ஜன்னலோரத்திலோ வளர்த்து, நவராத்திரியின் நடுவில் மாற்றிவிடலாம். சாய்ந்த புல்லைக் கத்தரியால் பாதியாக வெட்டினால் ஓரிரு நாள் நிமிர்ந்து நிற்கும்.

விளக்குகள்

பழைய சீரியல் செட்டில் ஒரு வரிசை முழுவதும் அணைந்திருந்தால் ஒரு பல்ப் போயிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதுதான் வழி. இப்போது அதிகம் பயன்படுவது 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை. எரியவே இல்லையென்றால் கூட்டல், கழித்தல் முனைகளை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். வெட்டியபின் ஒரு துண்டு எரியவில்லையென்றால் குறித்த இடத்தில் வெட்டவில்லை. பெரும்பாலான 12 வோல்ட் பட்டைகளில் மூன்று விளக்குக்கு ஒருமுறை வெட்டுக்கோடு இருக்கும்.

தொடக்கத்தில் பளிச்சென்றும் கடைசியில் மங்கலாகவும் இருந்தால் நீளமான பட்டையில் மின்னழுத்தம் வழியிலேயே குறைகிறது. கடைசி முனைக்கும் அடாப்டரிலிருந்து ஒரு தனி வயர் கொண்டுபோய், கூட்டலைக் கூட்டலோடும் கழித்தலைக் கழித்தலோடும் இணையுங்கள். அடாப்டர் கை வைக்க முடியாத அளவு சுட்டால் அதன் திறன் போதவில்லை. மீட்டருக்கு 14.4 வாட் எடுக்கும் பட்டை ஐந்து மீட்டருக்கு 72 வாட் கேட்கும். 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரால் 24 வாட்தான் தர முடியும். மீட்டருக்கு 4.8 வாட் எடுக்கும் மெல்லிய வகை கொலுவுக்குத் தாராளம். அதன் ஐந்து மீட்டரும் சேர்ந்து 24 வாட், எனவே 3 ஆம்பியர் அடாப்டர் வாங்கினால் நிம்மதி. அடாப்டரைத் துணிக்கு அடியில் புதைக்காதீர்கள்.

தெர்மோகோலும் பஞ்சும் காகிதமும் நிறைந்த காட்சியில் அகலும் குத்துவிளக்கும் தனியாக, தாம்பாளத்தில், காட்சியிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளித்தான் இருக்க வேண்டும். வருபவர்களின் பட்டுப்புடவைத் தலைப்பும் கணக்கில் சேரும். இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது.

ராட்டினம் ஒருநாள் வலமாகவும் ஒருநாள் இடமாகவும் சுற்றுகிறது

மோட்டார் பழுதில்லை. மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் வகைச் சின்க்ரனஸ் மோட்டாரைப் பொருத்தியிருப்பீர்கள். அதற்குத் திசை கிடையாது, மின்சாரம் கொடுக்கும் கணத்தில் எந்தப் பக்கம் அமைகிறதோ அந்தப் பக்கம் புறப்படும். ராட்டினத்துக்கு இது குறையில்லை. கோயிலை வலம்வரும் தேருக்கும் கிரிவலக் காட்சிக்கும் மிகப் பெரிய குறை. அங்கே 12 வோல்ட் கியர் மோட்டார் வேண்டும். முனைகளை மாற்றினால் திசை மாறும், மாற்றாதவரை மாறாது. நிமிடத்துக்குப் பத்துச் சுற்று என்று கேட்டு வாங்குங்கள். முப்பது என்றாலே பொம்மைகள் ஓடுவதாகத் தெரியும்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் திணறினால் எடை ஒருபக்கம் கூடியிருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் ஒரு களிமண் உருண்டையை மறைவாக ஒட்டிச் சமன்செய்யுங்கள். திணறும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் அச்சில் தூசி.

பொம்மை ஆடுகிறது, விரல் உடைந்தது, நிறம் கையில் வருகிறது

ஆடும் பொம்மைக்கு அடியில் மடித்த காகிதத்தைவிடத் தட்டையாக அழுத்திய களிமண் வில்லை உறுதி. படி முழுவதும் ஆடினால் பொம்மையைக் குறைசொல்லக் கூடாது: பலகை நடுவில் தொய்கிறது. கை எட்டும் இடத்தில் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுங்கள்.

உடைந்த விரலுக்கு எம்-சீல் என்ற இருபகுதி ஒட்டுக்கலவை. இரண்டு பகுதியையும் நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து, உடைந்த இடத்தில் சிறு கம்பித்துண்டு செருகி, அதன்மேல் உருவம் பிடியுங்கள். இறுகியதும் உப்புத்தாள், பிறகு அக்ரிலிக். பொம்மையைப் படியிலிருந்து எடுக்காமலே இதைச் செய்யலாம்.

துடைக்கும்போது நிறம் வந்தால் உடனே நிறுத்துங்கள். சுடாத களிமண்ணிலும் காகிதக்கூழிலும் செய்த பழைய பொம்மைகளுக்கு நீரில் கரையும் வண்ணம் பூசியிருப்பார்கள். ஈரத்துணி அவற்றுக்கு எதிரி. பண்ருட்டியிலிருந்தோ மதுரைக்கு அருகே விளாச்சேரியிலிருந்தோ பாட்டி காலத்தில் வந்த செட் என்றால், மென்மையான உலர்ந்த பிரஷ் மட்டும்தான். புதுவண்ணம் பூசிப் பளபளப்பாக்குவதை நான் ஏற்பதில்லை. அந்தக் கண்ணை எழுதிய கை இனி வராது.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் பார்ப்பவர்களின் கண் நிற்கவில்லை

இதுதான் கடினமான கோளாறு. காரணம் பெரும்பாலும் அளவுப் பொருத்தம். வெவ்வேறு ஊரில் வெவ்வேறு ஆண்டில் வாங்கிய செட்டுகள் ஒரே தெருவில் நிற்கின்றன. காய்கறிக்காரம்மா வீட்டைவிட உயரம், பசுவைவிடக் கத்தரிக்காய் பெரியது. காட்சியின் முக்கியமான நின்ற பொம்மையை அளந்துகொள்ளுங்கள். அது ஐந்தரை அங்குலம் என்றால் ஓர் அங்குலத்தை ஓர் அடியாகக் கொள்ளலாம். வாசல் ஆறரை முதல் ஏழு அங்குலம், திண்ணை ஒன்றரை முதல் இரண்டு அங்குலம், மாட்டுவண்டிச் சக்கரம் நான்கரை முதல் ஐந்து அங்குலம். இந்தக் கணக்கில் தென்னைமரம் நான்கடி வரும், அது முடியாது. மரத்தைப் பின்வரிசையில் குட்டையாக வைத்துத் தூரம் என்று காட்டுங்கள். பெரிய பொம்மைகளை முன்னுக்கும் சிறியவற்றைப் பின்னுக்கும் நகர்த்தினால் பொருந்தாத செட்டுகள்கூட ஒரே தெருவாகிவிடும். பார்க் பொம்மைகளுக்குப் படியின் கட்டுப்பாடு இல்லை, எனவே நவராத்திரியின் நடுவிலும் இதைச் செய்யலாம்.

ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பாருங்கள். பாட்டுப் பாடி, சுண்டலோடு உட்கார்ந்திருப்பவர்கள் தரையில் உள்ள பார்க்கை மேலிருந்து பார்க்கிறார்கள். அவர்களுக்குத் தெரிவது கூரை. சுவரில் மூன்று நாள் வேலை செய்துவிட்டுக் கூரையில் பழுப்புத்தாளை ஒட்டினால் உழைப்பு அத்தனையும் மறைந்துபோகும். ஓடு அடுக்கிய கூரை, முற்றத்தின் நடுவில் துளசிமாடம், கிணற்றுக்குள் தெரியும் கண்ணாடித் தண்ணீர் ஆகியவற்றில் நேரத்தைச் செலவிடுங்கள்.

கைலாயத்தின் பனி நீர்விடுகிறது

கல்லுப்பு போட்டிருப்பீர்கள். ஈரக்காற்றை அது உறிஞ்சிக் கசியும், பொம்மையின் அடிப்பாகத்தையும் அரிக்கும். கரண்டியால் வாரி எடுத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைச் சல்லடையால் தூவுங்கள்.

சென்ற ஆண்டு எடுத்துவைத்தது இந்த ஆண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது

வண்ணம் பூசிய பரப்புகளைப் பிளாஸ்டிக் உறையில் நெருக்கி அடுக்கியதன் விளைவு. பழைய பருத்தி வேட்டித் துண்டில் தனித்தனியாகச் சுற்றுங்கள். செய்தித்தாளை நேராகச் சுற்றினால் மை ஏறும். தெர்மோகோல் வேலைகள் உள்ள பெட்டியில் பாச்சை உருண்டை போடக் கூடாது, அதன் ஆவி தெர்மோகோலை இளக்கும். வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் போதும். மோட்டாரைக் காயவைத்து, அதன் சிறு விசிறியைக் கழற்றித் தனியாகப் பொட்டலம் கட்டி, அடாப்டரின் மேல் அது எந்தக் காட்சிக்கு உரியது, எத்தனை ஆம்பியர் என்று எழுதி ஒட்டிவிடுங்கள். பெட்டியின் உள்மூடியில் இந்த ஆண்டுக் காட்சியின் புகைப்படம் ஒன்றையும், எந்தெந்த இடத்தில் குச்சி செருக வேண்டியிருந்தது என்ற குறிப்பையும் ஒட்டுங்கள். அடுத்த புரட்டாசியில் பெட்டியைத் திறப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம், உங்கள் மகளோ மருமகளோ அதைப் பார்த்தே கட்டிவிட முடியும்.